யார் கடைசி?

கியூபாவின் சியென்ஃபுவேகோஸ் நகரத்தில் வரிசை என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு. இருப்பது ஒழுங்கமைக்கப்பட்ட காத்திருப்பு. அதில் யாரும் ஒருவர் பின் ஒருவராக நிற்பதும் இல்லை. ஒருத்தர் மர நிழலில், ஒருத்தர் எதிர்வீட்டுப் படியில், ஒருத்தர் சுருட்டும் கையுமாக மூலையில் என்று சிதறிக் கிடப்பார்கள். புதிதாக வருகிறவர் நடுவில் வந்து நின்று, "யார் கடைசி?" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு கை உயரும். அந்தக் கைக்குப் பின்னால் உங்கள் இடம். அடுத்து யாராவது கேட்டால் கை தூக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் அந்த ஊர்க்காரர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடக் கை தூக்குவார்கள்.

எவெலியோ கெசாதா அப்படித்தான் ஒருநாள் காலை ரொட்டிக் கடை வாசலில் நின்று கேட்டான். சட்டைத் தையல் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், தோளில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையைத் தூக்கினாள்.

"நான்தான். எனக்கு முன்னாடி அந்தக் குடைக்கார அம்மா. ரொட்டி வருமா, எப்ப வரும்னெல்லாம் என்னைக் கேக்காதீங்க. நான் ரொட்டி அமைச்சர் இல்ல."

அவள் பெயர் நெரெய்தா. அன்றைக்கு ரொட்டி வரவில்லை. மதியம் எல்லாரும் திட்டிக்கொண்டே கலைந்தபோது எவெலியோ ஒருவன் மட்டும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனான். அந்த வாரமே ஒரு பாட்டு எழுதினான்.

அவன் கலாச்சார மன்றத்தில் சம்பளம் வாங்கும் பாடகன். பழைய பாட்டுக்காரர்களைப் போல நிலாவையும் மல்லிகையையும் பாடுகிறவன் இல்லை. கிதாரைத் தூக்கிக்கொண்டு, தெருவில் கண்டதைப் பாடக் கிளம்பிய புதிய கூட்டத்தைச் சேர்ந்தவன். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் அரசாங்கத்துக்குப் பெருமையாகவும் இருந்தது, கலக்கமாகவும் இருந்தது. பெருமை எதற்கென்றால், பையன்கள் புரட்சியை மனதார நேசித்தார்கள். கலக்கம் எதற்கென்றால், நேசிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் அதைப் பற்றி யோசிக்கவும் செய்தார்கள்.

பாட்டு இதுதான்:

ரொட்டிக் கடை வாசலில் வெயில் ஏறும் வேளையில்
யார் கடைசி என்று கேட்டேன், உன் கை உயர்ந்தது.
யார் கடைசி? யார் கடைசி?
நீ கடைசி என்றால், பெண்ணே,
ரொட்டி தீர்ந்து போனால் போகட்டும்,
உன் பின்னால் நிற்க ஓர் ஆயுள் போதும்.

சனிக்கிழமைக் கச்சேரியில் இதைப் பாடியபோது கூட்டம் திரும்பப் பாடச் சொன்னது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நெரெய்தா காது வரைக்கும் சிவந்து, "ஊரு முழுக்கத் தண்டோரா போடறியா?" என்று அப்புறம் சண்டை போட்டாள். சண்டை போட்டுவிட்டு அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். திங்கட்கிழமை காலையில் நகரப் பாட்டுத் தகுதி நிர்ணயக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது.

அது பெரிய கரும்பு அறுவடை நடந்து, இலக்கு எட்டாமல் போன மறுவருஷம். வேலை இல்லாமல் சும்மா இருப்பது குற்றம் என்று சட்டம் வந்திருந்தது. தகுதிக் குழு தலையாட்டாவிட்டால் எவெலியோ பாட முடியாது. பாட முடியாவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனைக் கரும்புக் காட்டுக்கு ஏற்றிப் போக லாரி தயாராக நின்றது. போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று கேட்டால், "கரும்பு தீர்ந்ததும்" என்று பதில் வரும். கியூபாவில் கரும்பு தீர்ந்ததாக வரலாறே கிடையாது.

குழு ஒரு பழைய சர்க்கரை வியாபாரியின் மாளிகையில், மாடியில் இருந்தது. நீண்ட மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், தோழர் எர்மோஹெனெஸ், வியர்வை வழிய வழியக் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். அவருக்கு இடப்பக்கம் தோழர் துல்சே, கூர்மையாகச் சீவிய பென்சிலோடு. வலப்பக்கம் கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். அவர் எழுதவில்லை, பேசவில்லை. குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன்னால் ஒருமுறை, பேசி முடித்த பின் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மேலிடத்து ஆள் என்று எவெலியோ புரிந்துகொண்டான்.

"உட்காருங்க, தோழர் கெசாதா. பயப்படாதீங்க," என்றார் எர்மோஹெனெஸ். "பயப்பட வேண்டியவங்க மட்டும் பயப்பட்டாப் போதும்."

எவெலியோ தான் எந்த வகை என்று தெரியாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"புரட்சி பாடகனுக்கு முழுச் சுதந்திரம் குடுத்திருக்கு. எதைப் பாடணும்னு நாங்க சொல்லிடுவோம். அப்புறம் நீங்க எந்த ராகத்துல வேணும்னாலும் பாடலாம். ராகத்துல நாங்க தலையிட்டதே இல்ல. ஏன்னா எங்க யாருக்கும் ராகம் தெரியாது." அவர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். "எங்களுக்கு வேண்டியது சமூக அக்கறை உள்ள பாட்டு. நிறைய அக்கறை இருக்கணும். சமூகம் மட்டும் அதுல தட்டுப்படக் கூடாது."

"இது ஒரு பொண்ணைப் பத்தின பாட்டு, தோழர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் துல்சே. "நான் எண்ணிப் பார்த்தேன். 'தீர்ந்து போனால்'னு ஒரு சோகம், 'போகட்டும்'னு இன்னொரு சோகம். மாகாண ஒதுக்கீட்டுப்படி ஒரு பாட்டுக்கு ஒரு சோகம்தான். இந்த மாச ஒதுக்கீட்டை ஏற்கெனவே ஒரு தாலாட்டு தின்னுடுச்சு."

"அதை விடுங்க," என்றார் எர்மோஹெனெஸ். "ரொட்டி எப்படித் தீரும்? யார் சொன்னது தீரும்னு?"

"அன்னிக்குத் தீரல, தோழர். வரவே இல்ல."

மேஜைக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். தான் பதில் சொன்னது தவறு என்று எவெலியோவுக்குப் புரிந்தது. எந்தப் பகுதி தவறு என்றுதான் புரியவில்லை.

"முக்கியமான விஷயத்துக்கு வருவோம்." எர்மோஹெனெஸ் குரலைத் தாழ்த்தினார். "'யார் கடைசி?' இதுக்கு என்ன அர்த்தம்?"

"யார் கடைசின்னு அர்த்தம்."

"சாமர்த்தியம் வேணாம். கடைசின்னு ஒருத்தர் இருந்தா அவரோட ஏதோ முடியுதுன்னு ஆகுது. என்ன முடியுது? புரட்சியில யாரும் கடைசி இல்ல. எல்லாரும் முன்னணிதான்."

"தோழர், நீங்க கடைக்குப் போனா எப்படிக் கேப்பீங்க?"

எர்மோஹெனெஸ் முகம் இறுகியது. அவர் கடைக்குப் போவதில்லை. அவருடைய ரொட்டி வேறு வழியாக வரும். அந்தக் கேள்விக்குப் பதிலாக, அடுத்த வாரம் பாட்டைத் திருத்திக்கொண்டு வரும்படி உத்தரவாயிற்று. கண்ணாடிக்காரர் அப்போது காலை லேசாகத் தரையில் தேய்த்தார். துல்சே அவசர அவசரமாக ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் எவெலியோ வந்தபோது மாளிகை வாசலில் கூட்டம். முதலில் நின்றவர்கள் மூன்று பாடகர்களும் மரக்கா என்ற கிலுகிலுப்பை வாசிப்பவர் ஒருவரும். அவர்களும் அதே குழுவைப் பார்க்க வந்தவர்கள். நான்கு பேர் ஒரு கதவைப் பார்த்தபடி காத்திருந்தால் சியென்ஃபுவேகோஸ்காரர்கள் சும்மா கடந்து போக மாட்டார்கள். ஒரு பெண்மணி பையோடு வந்து, "யார் கடைசி?" என்றாள். மரக்காக்காரர் கை தூக்கினார். அவளுக்குப் பின்னால் ஒரு தபால்காரர், அவருக்குப் பின்னால் இரண்டு நர்ஸ்கள். எவெலியோ போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தெரு முனை திரும்பி மருந்துக் கடை வரைக்கும் போயிருந்தது.

"என்ன குடுக்கறாங்க, ராசா?" என்று அந்தப் பெண்மணி அவனைக் கேட்டாள்.

"ஒண்ணும் குடுக்கல, அம்மா. இது பாட்டுக் குழு."

"சொல்ல மாட்டே. கொஞ்சமாத்தான் வந்திருக்குபோல." அவள் பின்னால் திரும்பினாள். "கொஞ்சமாத்தான் வந்திருக்காம்! இடத்தை விட்டுடாதீங்க!"

மேஜை மின்விசிறி என்றார் ஒருவர். பன்றித்தொடை என்றார் இன்னொருவர், மணமே வருகிறது என்று சத்தியம் செய்தார். கூட்டம் பெருகிக்கொண்டே போயிற்று.

மாடியில் ஜன்னல்கள் திறந்திருந்தன. எவெலியோ உள்ளே நுழைந்தபோது எர்மோஹெனெஸ் வெளுத்துப் போய் நின்றிருந்தார். கீழேயிருந்து, நிமிஷத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு குரலில் அந்தக் கேள்வி ஏறி வந்தது. யார் கடைசி? யார் கடைசி?

"கேக்குதா?" என்றார் எர்மோஹெனெஸ். "பரவிடுச்சு. தடையில இருக்கற பாட்டை நகரமே பாடுது."

"ராகத்தோட பாடற மாதிரி தெரியலையே, தோழர்," என்றார் துல்சே.

"ராகம் இல்லாம இவ்வளவு பேர் பாடறாங்கன்னா அது இன்னும் ஆபத்து."

"தோழர், அவங்க வரிசையில நிக்கறாங்க," என்றான் எவெலியோ.

"எந்த வரிசை? இந்த நகரத்துல வரிசையே இல்ல!"

அப்படிச் சொன்ன பிறகு விளக்கம் சொல்ல இடமே இல்லாமல் போயிற்று. கீழே இன்னொரு குரல் கேட்டது, இன்னொரு கை உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கருப்புக் கண்ணாடிக்காரர் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார், அலுப்போடு.

எர்மோஹெனெஸ் விறைத்து நின்றார். துல்சே கையிலிருந்த பென்சில் முனை உடைந்தது. இன்னும் எவ்வளவு நேரம் இதைப் பொறுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று மேலிடம் கேட்டுவிட்டது. இருவருக்கும் வேறு விதமாகத் தோன்றவில்லை. எவெலியோவுக்கும் தோன்றவில்லை. அவனுக்குக் கரும்பு லாரியின் டீசல் நாற்றமே மூக்கில் ஏறியது.

"உடனே முடிவு எடுக்கறோம், தோழர்," என்றார் எர்மோஹெனெஸ் கண்ணாடிக்காரரிடம். பிறகு மேடைப் பேச்சுக்கு மாறினார். "மக்கள் ஒரு பாட்டைப் பாட ஆரம்பிச்சுட்டா அதைத் தடுக்கறது மக்கள் விரோதம். அதனால அந்தப் பாட்டை முதல்ல எழுதச் சொன்னதே நாங்கதான்னு இந்தக் குழு நினைவுபடுத்திக்குது. இனி இது நகரத்தோட அதிகாரபூர்வமான பாட்டு. ஒரே ஒரு சின்னத் திருத்தம். 'யார் கடைசி'க்குப் பதிலா 'இறுதி முன்னோடி யார்'னு பாடணும். கடைகள்லேயும் இனிமே அப்படித்தான் கேக்கணும். சுற்றறிக்கை போகும்."

"இறுதி முன்னோடி," என்று எவெலியோ மெல்லச் சொல்லிப் பார்த்தான். அந்தச் சொல் எந்தத் தாளத்திலும் உட்காரவில்லை.

"சனிக்கிழமை, பெரிய அரங்கத்துல. மாகாணமே வரும். ஒரு எழுத்து பிசகினாலும்..." எர்மோஹெனெஸ் ஜன்னல் வழியாகக் கரும்புக் காடு இருக்கும் திசையைப் பார்த்தார். "பாடகனை நாங்க நிர்ப்பந்திக்கறதே இல்ல. அவனா விரும்பிப் பாடற வரைக்கும் காத்திருப்போம். எங்கே காத்திருக்கறதுன்னு மட்டும் நாங்க முடிவு பண்ணுவோம்."

படியிறங்கும்போது பின்னால் காலடி கேட்டது. கண்ணாடிக்காரர். எவெலியோ சுவரோரம் ஒதுங்கினான். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அருகே வந்தார்.

"தம்பி, உங்களைப் பார்த்தா நல்ல மனுஷனாத் தெரியுது. நிஜத்தைச் சொல்லுங்க. ஷூ எப்ப வரும்?"

"எந்த ஷூ?"

"இங்கே ஷூ குடுக்கறாங்கன்னு சொன்னாங்க. ஒரு நாள் வந்து யார் கடைசின்னு கேட்டேன். மாடியில நாற்காலி காலியா இருந்துச்சு, உட்கார்ந்தேன். அதுல இருந்து தினமும் வர்றேன். காப்பி குடுக்கறாங்க, மரியாதையா பேசறாங்க. ஷூவைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க." அவர் காலைத் தூக்கிக் காட்டினார். அடிப்பாகம் பிளந்து, பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"அந்தக் கண்ணாடி?"

"கண்ணு வலி. டாக்டர் போட்டுக்கச் சொன்னாரு. என் பேரு செராஃபின். கப்பல்துறையில வேலை."

எவெலியோ படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது. சிரிக்கப் பயமாகவும் இருந்தது. மாடிக்கு ஓடிப்போய் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தான். செராஃபின் உள்ளே போவார். தலைவருக்கு அசட்டுப் பட்டம் கட்டியவன் என்று தானும் கூடவே போக வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் கடல் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து நெரெய்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இறுதி முன்னோடியா! நானா! எங்கம்மா கேட்டா நான் ராணுவத்துல சேர்ந்துட்டேன்னு நினைப்பா."

பிறகு சிரிப்பு நின்றது.

"மாத்திப் பாடிடு, எவெலியோ. என் அண்ணன் கரும்புக்குப் போயிட்டு வந்தப்ப அவன் கையை நான் பார்த்திருக்கேன். உன் கை அப்படி ஆனா அப்புறம் கிதார் எங்கே? மாத்திப் பாடு. ஆனா..." அவள் தண்ணீரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுக்கப்புறம் எனக்கு அந்தப் பாட்டைப் பாடாதே. அது வேற எவளுக்கோ எழுதினதா இருக்கட்டும்."

அவன் மாற்றிப் பாடுவதாக ஒத்துக்கொண்டான். வீட்டுக்கு நடந்து போகும்போது, இரண்டில் எதை இழந்தாலும் தனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

இதற்குள் சுற்றறிக்கை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. ரொட்டிக் கடையில் ஒரு முதியவர் "இறுதி முன்னோடி யார்?" என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. யாரையோ கைது செய்ய வந்திருக்கிறார்கள் என்று பாதிப் பேர் நழுவிவிட்டார்கள்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. எர்மோஹெனெஸ் மேடையேறினார்.

"இந்தப் பாட்டை மக்களே எழுதினாங்க. எங்க குழு மக்களுக்கு உதவி பண்ணிச்சு. மக்களுக்கு என்ன எழுதணும்னு தெரியாதப்ப எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாதப்ப..." முதல் வரிசையில் அமர்த்தப்பட்டிருந்த செராஃபினைப் பார்த்தார். செராஃபின் பக்கத்து ஆளின் புது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்குத் தெரியாததே கிடையாது!"

கைதட்டல் ஓய்ந்ததும் எவெலியோ பாடத் தொடங்கினான். ரொட்டிக் கடை, வெயில், உயர்ந்த கை. மூன்றாவது வரிசையில் நெரெய்தா மடியில் கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பல்லவி வந்தது. அவன் வாயைத் திறந்தான். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வேண்டுமென்றே செய்தான் என்று பிறகு குற்றச்சாட்டில் எழுதினார்கள். உண்மையில் அவனுக்குக் குரல் எழும்பவில்லை, அவ்வளவுதான். விரல்கள் மட்டும் கிதாரில் ஓடின. பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலி இடம் விழுந்தது.

காலி இடத்தைப் பார்த்தால் அந்த ஊரார் சும்மா இருப்பார்களா?

"யார் கடைசி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கிப் பாடியது. அடுத்த சுற்றில் பால்கனி சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த சுற்றில் அரங்கமே பாடியது. நர்ஸ்களும் தபால்காரரும் பையோடு வந்த பெண்மணியும் பாடினார்கள். இந்த முறை ராகத்தோடு.

எர்மோஹெனெஸ் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, "நிறுத்துங்க!" என்று கத்தினார். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது.

"யார்? யார் ஆரம்பிச்சது?"

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"சரி. ஆரம்பிச்சவன் ஒளிஞ்சுக்கலாம். நிறுத்தச் சொன்ன பிறகும் ஒரு குரல் பாடிச்சு, நான் கேட்டேன். கடைசியா பாடினது யாரு? சொல்லுங்க!" கோபத்தில் அவருக்கு வார்த்தைகள் குட்டையாகிக்கொண்டே போயின. "யார்? யார் கடைசி?"

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. யோசித்து உயர்ந்த கையில்லை அது. பிறந்ததிலிருந்து பழகிய கை.

"நான்தான், தோழர்," என்றாள் நெரெய்தா. "எனக்குப் பின்னாடி நீங்க."

அரங்கம் சிரித்த சிரிப்பில் கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்தது என்பார்கள். தோழர் துல்சே மட்டும் சிரிக்கவில்லை. அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது. புதிய தலைவர் தோழர் துல்சே கையெழுத்திட்டிருந்தார். அனுமதிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றி மௌனமாக இருந்ததற்காக எவெலியோவுக்குக் கரும்புக் காடு. நெரெய்தாவின் மேல் குற்றம் எதுவும் காண முடியவில்லை. அதிகாரி கேட்ட கேள்விக்குக் குடிமகள் உண்மையான பதில் சொல்லியிருக்கிறாள். ஒலிபெருக்கியில் தடைசெய்யப்பட்ட பல்லவியை உரக்க உச்சரித்த மூன்றாவது நபர் மீதும் தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது.

மறுநாள் காலை எவெலியோ லாரி நிற்கும் மைதானத்துக்குப் போனான். கிதார் மன்றத்தின் சொத்து என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். கையில் ஒரு துணி மூட்டை மட்டும். ஆட்கள் வழக்கம்போலச் சிதறி நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால், கருப்புக் கண்ணாடியோடு, சிரித்த முகமாகச் செராஃபின்.

"கரும்பு வெட்டப் போறவங்களுக்கு பூட்ஸ் குடுக்கறாங்களாம், தம்பி! நானா வந்து பேர் குடுத்தேன்!"

எவெலியோ நடுவில் நின்றான். கேட்கலாமா கூடாதா என்று ஒரு கணம் தயங்கினான். இதற்கு மேல் அனுப்புவதற்கு அவர்களிடம் வேறு இடம் இல்லை என்று நினைவு வந்தது.

"யார் கடைசி?"

சுவரோரம், வைக்கோல் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டிருந்த ஒருவர், திரும்பாமலே, பாதி உயரத்துக்குக் கையைத் தூக்கினார். கழுத்துப் பொத்தான் இன்னும் போட்டிருந்தது.

"நான்தான்," என்றார் எர்மோஹெனெஸ், வேறு யாருக்கும் கேட்காத குரலில்.

எவெலியோ அவருக்குப் பின்னால் போய் மூட்டையை வைத்தான். திட்ட நினைத்தான். அந்தக் கை இன்னும் பாதி உயரத்திலேயே நிற்பதைப் பார்த்து விட்டுவிட்டான். தூரத்தில் லாரி இன்ஜினை யாரோ முடுக்கி முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்ப மறுத்தது.

"யார் கடைசி?"

திரும்பினான். தையல் கூடத்துக்குப் போகிற வழியில், தோளில் நூல் ஒட்டியிருக்க, மூச்சிரைக்க நெரெய்தா நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. மோவாயை நிமிர்த்திக்கொண்டு, அவனைத் தெரியாதவள் மாதிரி, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டிருந்தாள்.

எவெலியோ கையைத் தூக்கினான். அவள் வந்து அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இந்த வரிசை நகரவே கூடாது என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவன் வேண்டிக்கொண்டான்.